வெட்டுப்பட்ட பாதி முகம்

அத்தியாயம் ஒன்பது

ஊர்காவற்றுறையில் காலை ஏழரைக்குக் கல்யாண வீடியோக்காரனின் கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டு வகை. கல்யாணம் நிச்சயமான சந்தோசத்தில் வருகிறவர்கள் ஒன்று. வீடியோவில் தங்கள் முகம் வரவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள் மற்றது. ஞானசவுந்தரி தட்டிய தட்டைக் கேட்ட ஷாருஜன் இரண்டாவது வகைதான் என்று முடிவுகட்டி, கதவைப் பாதி திறந்து, "அக்கா, அது லைற்றாலை வந்த பிழை, என்ரை பிழை இல்லை" என்றான்.

"நான் இன்னும் ஒண்டும் கேக்கேல்லையே."

"கேக்க முதலே வாக்குமூலம். இப்பிடி எல்லாரும் இருந்தால் எங்கடை தொழில் படுத்திடும், அக்கா" என்றான் பின்னால் நின்ற டெனிஸ்ரன்.

டெனிஸ்ரனுக்கு முப்பத்து நாலு வயது. சொந்தமாக ஓர் ஓட்டோ உண்டு. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் வள்ளத்தில் ஏறினால் வாந்தி வரும் என்பதால் கரையிலே தங்கிவிட்ட ஆள். சவுந்தரியின் துப்பறியும் வேலைக்கு வாகனமும் எடுபிடியும் தேவையில்லாத வாயும் அவன்தான். சவுந்தரிக்கு ஐம்பத்திரண்டு. முன்னொரு காலத்தில் வீடியோக் கடை வைத்திருந்தவர், இப்போது அதே இடத்தில் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுக்கிறார். கடந்த நாலு வருடத்தில் தீவில் காணாமற்போன இரண்டு வள்ள எஞ்சின், ஒரு மாதா சுரூபம், ஒரு மாப்பிள்ளை ஆகியவற்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர். மாப்பிள்ளையைக் கண்டுபிடித்ததற்காக மட்டும் ஒருவர் இன்றுவரை அவரோடு கதைப்பதில்லை. அவர்தான் அந்த மாப்பிள்ளை.

இந்த முறை காணாமற் போகப்போவது சுருவில் என்ற ஊரின் கடற்கரை.

'ஏழுகடல் ஹோல்டிங்ஸ்' என்ற கம்பனியின் பெயரால் றெக்ஷன் என்ற, கழுத்தில் ரை கட்டிய மனிதர் வந்து இறங்கி மூன்று வாரமாகிறது. சுருவிலில் நண்டு பதனிடும் தொழிற்சாலை கட்டுவார்களாம். வலையும் வள்ளமும் வைக்கும் வாடிகள் இருக்கும் காணியை முப்பத்திரண்டு குடும்பமும் கம்பனிக்கு எழுதிக் கொடுத்தால் வீட்டுக்கு ஒருவருக்கு நிரந்தர வேலையாம். மாதா கோவில் மண்டபத்தில் சிங்கப்பூர்த் தலைமை அலுவலகம் என்று எட்டு நிமிட வீடியோவும் காட்டினார். படம் அவ்வளவு கிளியர். திரைக்குப் பதிலாகச் சுவரில் வேட்டியைக் கட்டிக் காட்டியும் கண்ணாடி மேசையில் கைரேகை தெரிந்தது. இவ்வளவு துப்புரவான படம் வைத்திருக்கிறவன் பொய் சொல்லுவானா என்று ஊர் நம்பிவிட்டது.

கையெழுத்து இன்று பின்னேரம் மூன்று மணிக்கு. முதலில் வைக்கப் போகிறவன் பிலிப்பு. அவன் வைத்தால் மிச்சப் பேரும் வைப்பார்கள். பிலிப்பு சவுந்தரியின் கூடப்பிறந்த தம்பி. அவனுடைய மகன் றொஜன் ஏஜென்சிக்காரனைப் பிடித்து எங்காவது கள்ளமாய்க் கப்பலேறப் பார்க்கிறான் என்ற பயத்தில், மகனுக்கு ஒரு வேலைக்காகப் பிலிப்பு எதையும் எழுதிக் கொடுக்கத் தயாராக நின்றான். அக்கா சொன்ன ஒரு சொல்லும் அவன் காதில் ஏறவில்லை. சவுந்தரிக்கு அதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

"ஷாருஜன்" என்று கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார் சவுந்தரி. "கம்பனிப் படம் நீர் வெட்டி ஒட்டினதுதானே?"

"ஆர் சொன்னது?"

"நீர்தான் சொன்னீர். எட்டு நிமிசத்திலை ஒண்டரை நிமிசம் பணிப்பாளர்மார் இருந்து சாப்பிடுகினம். உலகத்திலை எந்தக் கம்பனி தன்ரை முதலாளி சூப் குடிக்கிறதைக் காட்டும்? பந்தியிலை இருந்தவையைக் காட்டாமல் வீடியோ முடிக்க ஏலாத ஆள் இந்தத் தீவிலை ஒராள்தான்."

ஷாருஜன் தலையைச் சொறிந்தான். "றெக்ஷன் ஐயா கைகொடுக்கிற இடத்தோடை நிப்பாட்டச் சொன்னவர், அக்கா. எனக்குத்தான் மனம் கேக்கேல்லை. சாப்பாடு இல்லாமல் என்ன வீடியோ? பிறகு சனமெல்லாம் அந்த இடத்தைத்தான் நல்லாயிருக்கு எண்டது. அதாலை அவரும் பேசாமல் விட்டிட்டார்."

"சரி. அடுத்தது. அந்த மொட்டைத் தலை மனுசனுக்குப் பாதி முகம்தான் இருக்கு. இடப்பக்கக் காதையும் கண்ணையும் காணேல்லை."

இந்தக் கேள்வி ஷாருஜனைச் சுட்டுவிட்டது. கதிரையை விட்டு எழும்பியே விட்டான்.

"அக்கா, பதினொரு வருசமா வீடியோ எடுக்கிறன். செத்தவீட்டிலைகூட ஒருத்தற்றை முகத்தையும் நான் பாதியிலை விட்டதில்லை. அவர் துண்டு துண்டாய்ப் படம் தந்தவர். மற்றதெல்லாம் அகலமான படம். மேசைத் துண்டு மட்டும் இடப்பக்கம் வெட்டித்தான் தந்தவர். ஐயா, ஒராளின்ரை முகம் போகுது, வீட்டுக்காரர் ஏசுவினம் எண்டு சொன்னனான். அப்பிடியே போடும் எண்டிட்டார்."

"கேட்டியே, டெனிஸ்ரன்?"

"கேட்டனான். மொட்டைக்கு ஒரு காது நட்டம்."

"விசரா. ஒரு முகத்தைப் பாதியாக்கியாவது மறைக்க வேண்டிய ஏதோ ஒண்டு இடப்பக்கத்திலை இருந்திருக்கு. ஷாருஜன், அந்தத் துண்டை உம்மடை கொம்பியூட்டரிலை ஒருக்காப் போடும்."

மண்டபத்தில் பின்வரிசையில் இருந்து பார்த்ததை இப்போது ஒரு முழத் தூரத்தில் பார்த்தார் சவுந்தரி. நீளமான மேசை. கோட் போட்ட மனிதர்கள். மொட்டைத் தலையர் பாதி முகத்தோடு கரண்டியைத் தூக்கினார். அங்கே ரோசாப்பூ இதழ்கள் கொட்டிக் காட்சி முடிந்தது. இதழ்கள் ஷாருஜனின் கைவண்ணம்.

"இதுக்குப் பிறகு உவர் சூப்புக்குள்ளை முகங்குப்புற விழுந்து சாவார்" என்றார் சவுந்தரி.

ஷாருஜன் சிலுவை போட்டுக்கொண்டான். "என்னக்கா சொல்லுறீங்கள்?"

"படத்திலை. 'முப்பத்தேழாம் மாடி' எண்டு மலேசியாவிலை எடுத்த இங்கிலீசுப் படம். தமிழிலை குரல் குடுத்து விட்டவங்கள். கோட்டுப் போட்ட கள்ளர் கம்பனி நடத்தி ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்துற கதை. ஆர் ஆரை ஏமாத்தினது எண்டு எடுத்தவனுக்கே விளங்கேல்லை. என்ரை கடையிலை ஒரே ஒரு டிவிடி இருந்தது."

டெனிஸ்ரன் அதற்குள் போனை எடுத்து இணையத்தில் தேடிவிட்டான். ஒரு போஸ்ரர்கூட வரவில்லை. தியேட்டரில் ஓடாத படம் அங்கேயும் ஓடவில்லை.

"அப்ப அந்த ஒரே டிவிடி எங்கை, அக்கா?"

"நெடுந்தீவு அன்னமுத்தக்கா கொண்டுபோனவ. பன்னிரண்டு வருசத்துக்கு முதல்."

டெனிஸ்ரனின் முகம் அப்போதே வெளிறிவிட்டது. நெடுந்தீவு என்றால் படகு.

குறிகட்டுவானில் ஓட்டோவை விட்டுவிட்டு ஒரு மணித்தியாலக் கடல். சோளகக் காற்று படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. டெனிஸ்ரன் வாய் திறக்கவில்லை. திறந்தால் பகிடி மட்டும் வெளியே வராது என்று அவனுக்குத் தெரியும். சவுந்தரி அந்த அமைதியை மனமார அனுபவித்தபடி வந்தார்.

அன்னமுத்து பன்னிரண்டு மாடு வளர்க்கிற பெண். அறுபது வயதிலும் சினிமா என்றால் மாட்டுக்குத் தண்ணீர் வைக்க மறந்துவிடுவார். டிவிடி எங்கே என்று கேட்டதும் முற்றத்தைக் கைகாட்டினார். பாயில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, கயிற்றில், காற்றுக்குச் சுழன்று மின்னிக்கொண்டு தொங்கியது 'முப்பத்தேழாம் மாடி'.

"பிளேயர் பழுதாப் போய் ஆறு மாசம். சும்மா கிடக்கிறதுக்குக் காகத்தைக் கலைக்கட்டும் எண்டு கட்டினனான். அதுக்கு முதல் நாப்பது தரம் பார்த்திருப்பன். கதை திறம், பிள்ளை. பிறின்ற்தான் சரியில்லை. இருட்டுக் காட்சியெல்லாம் சாம்பல் அள்ளிக் கொட்டின மாதிரி. ஆக்கள் சுவரோடை ஒட்டிப்போவினம்."

"அன்னமுத்தக்கா, அந்தச் சாப்பாட்டுக் காட்சி ஞாபகம் இருக்கே? இடப்பக்கத்திலை என்ன இருக்கும்?"

"இடப்பக்கமோ? சூப் கொண்டு வாற பெடியன். மூண்டு செக்கன்தான் வருவான். மனுசன் சாகப்போற நேரம் காமெராவைப் பார்த்துப் பல்லைக் காட்டி முழுக் காட்சியையும் நாசமாக்கிப் போட்டான். அவனைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்."

சவுந்தரியும் டெனிஸ்ரனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முகம் எப்பிடி, அக்கா? நெத்தி ஏறி, நாடியிலை ஒரு வெட்டுக்காயம்?"

"ஓம். உனக்கெப்பிடித் தெரியும்?"

"அவர் இப்ப ரை கட்டிக்கொண்டு எங்கடை ஊரிலை திரியிறார்" என்றான் டெனிஸ்ரன்.

அன்னமுத்து லேசில் டிவிடியைத் தரவில்லை. கருவாட்டுக்கு யார் காவல் என்று கேட்டார். "இவனைக் கட்டி வைச்சிட்டுப் போறன்" என்றார் சவுந்தரி. அன்னமுத்து டெனிஸ்ரனை மேலும் கீழும் பார்த்து, காகம் பயப்படாது என்று சொல்லிவிட்டார். கடைசியில் அவனுடைய புதுக் கறுப்புக் கண்ணாடி கயிற்றில் ஏறியது. முதற் காகம் வந்து அதில் தன் அழகைப் பார்த்துவிட்டுப் போனதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சுருவில் மண்டபத்துக்குள் அவர்கள் ஓடி வந்தபோது மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. வாங்குகள் நிரம்பியிருந்தன. முன்வரிசையில் பிலிப்பு, வெள்ளைச் சேட்டுப் போட்டு, காணி உறுதிப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தான். மேசையில் பத்திரங்கள். பக்கத்தில் றெக்ஷன், நீல ரையோடு, எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"கையெழுத்துக்கு முதல் ஒரு படம் பார்ப்பம்" என்றார் சவுந்தரி. படம் வேண்டாம் என்று சொல்கிற சனம் இன்னும் பிறக்கவில்லை. பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்புக்கு வைத்திருந்த பழைய பிளேயர் வந்தது. றெக்ஷன் கொண்டு வந்த புரொஜெக்டரிலேயே டெனிஸ்ரன் அதைக் கொழுவினான். சவுந்தரி டிவிடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டார். கருவாட்டு வாசம் முதல் வரிசைவரை போனது.

படம் வந்தது. அதே அலுவலகம், அதே கண்ணாடி மேசை, அதே கோட்டுகள். மண்டபத்தில் முணுமுணுப்பு எழும்பியது. மொட்டைத் தலையருக்கு இரண்டு காதும் கிடைத்தன. இடப்பக்கத்தில் வெள்ளைக் கோட் போட்ட ஒருவன் சூப்புக் கோப்பையோடு உள்ளே வந்தான். கழுத்து தெரிந்தது. பிறகு முகம் வர வேண்டிய இடத்தில் பச்சையும் ஊதாவுமாய்ச் சதுரச் சதுரக் கட்டிகள் வந்து நிறைந்தன. படம் அப்படியே நின்றுவிட்டது.

டெனிஸ்ரன் பிளேயரில் தட்டினான். பின்னால் ஓட்டி முன்னால் விட்டான். மூன்று தடவையும் கழுத்து வந்தது, முகம் வரவில்லை. ஆறு மாத உப்புக்காற்று சரியாக அந்த மூன்று செக்கனைத் தின்றுவிட்டிருந்தது.

சவுந்தரி டிவிடியை எடுத்து, திரும்பவும் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டார். அதே கட்டிகள்.

றெக்ஷன் நிதானமாகத் தொண்டையைச் செருமினார். "இதிலை என்ன அதிசயம்? எங்கடை அலுவலகம் வடிவான அலுவலகம். சினிமாக்காரர் வாடகைக்குக் கேட்டவை, குடுத்தனாங்கள். அந்தப் படத்திலை இருந்து நல்ல காட்சியை எடுத்து நாங்கள் பாவிச்சம். அவ்வளவுதான்."

சனம் தலையாட்டியது. பிலிப்பு எழும்பினான். முகம் சிவந்திருந்தது.

"அக்கா, காணும். ஊருக்கு முன்னாலை என்னை வெக்கப்படுத்தாதையுங்கோ. பேனையைத் தாங்கோ, ஐயா."

பேனை பிலிப்பின் கைக்குப் போய்விட்டது. சவுந்தரி ஒரு கணம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, படம் பார்க்க வந்தவர் போல வசதியாக இருந்தார்.

"சரி, நான் தோத்துப் போனன். கையெழுத்தை வையுங்கோ. மிஸ்டர் றெக்ஷன், உது போகட்டும். உங்கடை அலுவலகத்திலை எடுத்த படம் ஏன் ஓடேல்லை எண்டு உங்களுக்குத் தெரியுமே?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"வீடியோக் கடைக்காரி நான் சொல்லுறன். கதை திறம். மொட்டையர் என்னமாய்ச் சாகிறார்! எல்லாத்தையும் கெடுத்தது அந்தச் சூப் கொண்டு வாறவன். நெடுந்தீவிலை நாப்பது தரம் பார்த்தவை சொல்லுகினம். மனுசன் சாகிற நேரம் காமெராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுறானாம்."

றெக்ஷனின் சிரிப்பு ஓர் அங்குலம் குறைந்தது. டெனிஸ்ரனுக்கு விளங்கிவிட்டது. இப்படியான வேலைக்குத்தான் கடவுள் அவனுக்கு அந்த வாயைக் கொடுத்திருந்தார்.

"கோப்பையைப் பிடிச்சிருக்கிற பிடியைப் பாருங்கோ, அக்கா" என்று திரையைக் காட்டினான். "மாட்டுக்குத் தண்ணி வைக்கிறவன் இதைவிட ஸ்ரைலாய்ப் பிடிப்பான். தெருவிலை போனவனைக் கூப்பிட்டு நடிக்க விட்டிருக்கினம் போலை."

"தெருவிலை போனவன் இல்லை" என்றார் றெக்ஷன்.

"நடிப்பு வராதவனுக்குக் கோட்டைப் போட்டுவிட்டால் மட்டும் காணுமே?" என்றார் சவுந்தரி. "ஏன் சிரிச்சவன் எண்டுதான் எனக்கு இன்னும் விளங்கேல்லை. பல்லு விளம்பரம் எண்டு நினைச்சிட்டானோ?"

பின்வரிசையில் யாரோ கெக்கட்டமிட்டுச் சிரித்தார்கள். மண்டபம் முழுவதும் சிரித்தது. றெக்ஷனின் கழுத்து ரைக்கு மேலே சிவந்து வந்தது.

"அது சிரிப்பில்லை!"

"பின்னை?"

"சோகம்! நஞ்சு இருக்கு எண்டு தெரிஞ்சும் சொல்ல ஏலாமல் நிக்கிற ஒருத்தன்ரை சோகம். கருவாடு மணக்கிற டிவிடியிலை பார்த்தால் உங்களுக்கு என்ன விளங்கும்? கறுப்பெல்லாம் சாம்பல், முகமெல்லாம் கட்டி. புளூ-ரேயிலை பாருங்கோ. கண்ணிலை தண்ணி நிக்கிறது தெரியும், அவ்வளவு கிளியர். டிறெக்டர் ஏழு தரம் எடுத்தவர். ஏழாவது தரம் எழும்பி நிண்டு எனக்குக் கைதட்டி..."

அதோடு நின்றுவிட்டார்.

"ஆருக்குக் கைதட்டினவர், மிஸ்டர் றெக்ஷன்?" என்று மெதுவாகக் கேட்டார் சவுந்தரி.

றெக்ஷன் கதவுப் பக்கம் பார்த்தார். அங்கே ஏற்கெனவே நாலு பேர் எழும்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கடலில் வலை இழுத்து முறுகிய கைகள். அவர் கதிரையில் அமர்ந்து ரையைக் கழற்றினார். தன் வாழ்நாளில் நடித்தது அந்த ஒரு படத்தில்தான் என்றும், அந்தப் படத்தைத் தவிர வேறு எதை எடுத்தும் கம்பனி என்று காட்ட மனம் வரவில்லை என்றும் யாரும் கேட்காமலே சொன்னார். யாரோ பொலிசுக்குப் போன் எடுத்தார்கள்.

பிலிப்பு மட்டும் அசையவில்லை. பேனை இன்னும் கையில் இருந்தது.

"றொஜனுக்கு வேலை எண்டனீர். கடிதம் தந்தனீர். அவன்ரை படம் ஒட்டி, சீல் குத்தி. அதுவும் பொய்யோ?"

றெக்ஷன் நிலத்தைப் பார்த்தார்.

"விடு, பிலிப்பு" என்று கிட்டப் போனார் சவுந்தரி. "உறுதி தப்பிட்டுது. நான் வந்து றொஜனுக்கு எடுத்துச் சொல்லுறன்."

"அவனுக்கு என்னத்தைச் சொல்லப் போறீங்கள், அக்கா? இவன் கள்ளன் எண்டு முந்தநாளே அவன் எனக்குச் சொன்னவன்." பிலிப்பின் குரல் உடைந்தது. "உழைக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பேறிச் சாட்டுச் சொல்லுறாய் எண்டு ஏசினனான். இருபத்து நாலு வயசுப் பிள்ளையை, தாய்க்கு முன்னாலை, கன்னத்திலை அடிச்சுப்போட்டன். அண்டைக்கு வாடிக்குப் போனவன்தான். வீட்டுக்கு வரேல்லை."

சவுந்தரிக்குக் கண் கலங்கிவிட்டது. டெனிஸ்ரனைத் திரும்பிப் பார்த்தார். அவன் ஏற்கெனவே ஓட்டோச் சாவியைக் கையில் எடுத்துவிட்டான்.

கடற்கரைக்கு நாலு நிமிட ஓட்டம். வழியெல்லாம் பிலிப்பு, கெதியாப் போ, கெதியாப் போ என்றான். வாடி தெரிந்ததும், கொஞ்சம் மெதுவாப் போ என்றான். டெனிஸ்ரன் தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தினான்.

றொஜன் கவிழ்த்த பெட்டியில் அமர்ந்து கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து தகப்பனைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தான். பிலிப்பு மணலில் நின்றபடி எதையோ சொல்லத் தொடங்கினான், விட்டான், திரும்பத் தொடங்கினான். கடைசியில் பொலித்தீன் பையை மகனுடைய மடியில் வைத்தான்.

"உறுதி. இனி உன்னட்டை இருக்கட்டும்."

றொஜன் பையைப் பார்த்தான். பிரிக்கவில்லை. அதை எடுத்துச் சேட்டுக்குள் செருகிவிட்டு, பெட்டியில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டான்.

"அந்த வலைத் தலைப்பை இழுத்துப் பிடியுங்கோ, அப்பா. தனிய ஏலாமல் கிடக்கு."